ஆற்றில் விட வேண்டிய முடி

பெங்களூர்
8-5-1951, செவ்வாய்

அன்புள்ள அக்காவுக்கு,

வந்து சேர்ந்தோம். வண்டியும் எங்களோடு வந்து சேர்ந்தது, அதுதான் பெரிய சங்கதி. ஞாயிறு சாயங்காலமே கழுவித் துடைத்து முதலாளி வீட்டுக் கொட்டகையில் நிறுத்திவிட்டேன். "நான் ஊட்டியில இருக்கிற வரைக்கும் கார் சும்மா கிடந்தா பாட்டரி இறங்கிடும், ஊருக்கு எடுத்துக்கினு போய் வா" என்று சாவியைக் கொடுத்தாரே, அந்த நல்ல மனசை அவர் ஊட்டியிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார். நேற்றுக் காலை வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "ஏம்பா கிருஷ்ணப்பா, என் காரை மாட்டுவண்டி ஆக்கிட்டியா?" என்றார். சக்கர இடுக்கில் நம் ஊர்ச் செம்மண் இருந்திருக்கிறது. மூன்று தரம் தண்ணீர் அடித்தும் போகவில்லை அக்கா. ஒர்க்ஷாப்பில் பத்து வருஷமாகக் கார் கழுவுகிறேன், இப்படி ஒரு மண்ணைப் பார்த்ததில்லை.

வழியெல்லாம் எப்படி இருந்தது என்று எழுதச் சொன்னாய். தேன்கனிக்கோட்டைச் சந்தைக்கு அந்தப் பக்கம் நீ கால் வைத்ததில்லை, அதனால் நான் என்ன எழுதினாலும் நம்பித்தான் ஆக வேண்டும்.

முதலில் என் குறையைச் சொல்லிவிடுகிறேன். நான் வண்டியைக் கிளப்பியபோது நீ "போயிட்டு வா" என்று சொல்லவில்லை. வாசற்படியில் நின்றாய், பாப்பாவைப் பார்த்தாய், உள்ளே போய்விட்டாய். மாமாகூடத் தெருமுனை வரை வந்தார். நீ வரவில்லை. திருவிழாக் காப்பு அவிழ்த்து இன்னும் இரண்டு நாள் இருந்துவிட்டுப் போ என்றாய், நான் கேட்கவில்லை என்று கோபம். எனக்குத் தெரியாதா உன்னை? ஏழு வருஷம் கழித்து வந்தவன், திங்கட்கிழமை வண்டி கொட்டகையில் நிற்கவேண்டும் என்பதற்காகத்தான் ஓடிவந்தேன்.

அஞ்செட்டி ஏற்றத்தில் ரேடியேட்டர் கொதித்தது. ஓடையில் தண்ணீர் மொண்டு ஊற்றிவிட்டு ஒரு பாறைமேல் உட்கார்ந்தேன். பதினைந்து நாளாக ஒரு ஸ்பானரைத் தொடவில்லை, கையில் கிரீஸ் நாற்றம் இல்லை, களியும் அவரைக்குழம்பும் தின்று இடுப்புப் பட்டை இறுகிப் போயிருந்தது. அங்கே உட்கார்ந்துதான் ஒன்று நினைத்தேன். தேன்கனிக்கோட்டையில் லாரிகள் வர ஆரம்பித்துவிட்டன. ஒரு கொட்டகை போட்டு ரிப்பேர் வேலை செய்தால் பெங்களூரில் வாங்குகிற சம்பளம் அங்கேயே வரும். பாப்பா உன் கண்ணெதிரில் வளர்வாள். ஜோதியிடம் சொன்னேன். "வண்டி கொதிச்சா உங்களுக்கும் மூளை கொதிக்குது" என்றாள். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

பாப்பா வழியெல்லாம் அந்தக் கந்தல் பொம்மையைக் கீழே வைக்கவில்லை. யார் கொடுத்தது என்று கேட்டேன். "பக்கத்து வூட்டு அக்கா" என்றாள். பிறகு, "அந்த அக்கா ஏம்ப்பா எப்பவும் படுத்துக்கினே இருக்குது?" என்று கேட்டாள். மாமாவின் தம்பி கங்கப்பனுக்கு இப்படி ஒரு சோம்பேறி மகளா? நான் இருந்த பதினைந்து நாளில் அந்தப் பெண்ணைக் கண்ணாலேயே பார்க்கவில்லை. "உங்க ஊருல ஆடு மேய்ச்சு அலுத்துப் போவுது புள்ளைங்க" என்று ஜோதி சிரித்தாள்.

ஓசூர் வரும்போது உச்சி வெயில். பாப்பாவுக்கு ஒரு பன் வாங்கிக் கொடுத்தேன், வேண்டாம் என்று தள்ளினாள். தொட்டுப் பார்த்தால் உடம்பு சுட்டது. மொட்டைத் தலையில் வெயில் பட்டிருக்கும் என்று ஜோதி முந்தானையை நனைத்துப் போட்டாள். எல்லைச் சாவடியில் ஒரு கன்னடத்துக்காரர் நிறுத்தி, "ராகி இதெயா? அக்கி இதெயா?" என்று சீட்டைத் தூக்கிப் பார்த்தார். தானியம் எல்லை தாண்டக்கூடாதாம். நீ கட்டிக்கொடுத்த கேழ்வரகு மூட்டை போயிற்று. ஜோதியின் மடியில் நீ கட்டிய அரிசியையும் தேங்காயையும் பார்த்துவிட்டு, அதை மட்டும் வேண்டாம் என்று கையை ஆட்டினார். அவருக்கும் அக்கா தங்கை இருக்கிறார்கள் போலிருக்கிறது.

பாப்பாவின் முடி ஒன்பது நாள் மாரியம்மன் காலடியில் இருக்கவேண்டும் என்றாய். நாள் முடிந்ததும் நீயே ஆற்றுக்குக் கொண்டுபோய்க் காவேரியில் விடு. யார் கையிலும் கொடுத்தனுப்பாதே. காவேரி என்று பெயர் வைத்ததும் நீ, வேண்டிக்கொண்டதும் நீ, ஆகவே நடக்கவேண்டியதும் நீ. முதல் முடி இறக்குகிற வரைக்கும் அவள் உடம்பில் ஊசி படாது என்று நீ வேண்டியதால், மூன்று வயது ஆகியும் அம்மை குத்தவில்லை. இனித் தடையில்லை. வருகிற வாரம் குத்திவிடுகிறேன். முடி கொஞ்சம் வளர்ந்ததும் ஸ்டூடியோவில் ஒரு படம் எடுத்து அனுப்புகிறேன். மொட்டையோடு எடுக்கக்கூடாது என்கிறாள் ஜோதி. இதுவரை ஒரு படம்கூட எடுக்கவில்லை அக்கா, நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

உன் தம்பி
கிருஷ்ணப்பன்

பாப்பாவுக்கு இன்றும் காய்ச்சல் விடவில்லை. முதுகு வலிக்கிறது என்று அழுகிறாள். நாளை டாக்டரிடம் காட்டுகிறேன்.


நாட்றாம்பாளையம்
12-5-1951

தம்பி கிருஷ்ணப்பனுக்கு அக்கா சென்னம்மாள் எழுதுவது.

காய்ச்சல் விட்டதா? அதைக் கடைசியில் ஒரு வரியாக எழுதியிருக்கிறாய். முதலாளி என்ன சொன்னார், சாவடிக்காரன் என்ன சொன்னான் என்று ஒரு கட்டு எழுதியவன், அதை முதலில் எழுதக்கூடாதா? நான் எழுத்துக்கூட்டிப் படித்து அந்த இடத்துக்கு வருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

முதுகு வலி என்கிறாயே, நெற்றியில் ஏதாவது தெரிகிறதா? வாயைத் திறக்கச் சொல்லிப் பார். வீட்டில் எண்ணெய் காய்ச்ச வேண்டாம். குழம்பு தாளிக்க வேண்டாம். இளநீர் கிடைத்தால் கொடு. வேப்பிலை அங்கே மரத்தில் உண்டா, காசுக்கு விற்பார்களா என்று தெரியவில்லை, எப்படியாவது கொண்டுவந்து அவள் படுக்கையில் போடு. வந்தவர் போனவரை உள்ளே விடாதே. பிள்ளையைத் திட்டாதே, என்ன கேட்டாலும் இல்லை என்று சொல்லாதே. ஏன் எதற்கு என்று என்னைக் கேட்காதே. பெரியவள் சொன்னால் காரணம் இருக்கும் என்று வைத்துக்கொள்.

போயிட்டு வா என்று சொல்லவில்லை என்று குறைபட்டிருக்கிறாய். அடுப்பில் வேலை இருந்தது. அதையெல்லாம் ஒரு பேச்சாக எழுதுவாயா? ஏழு வருஷம் நீ வரவில்லையே, அதை நான் எழுதினேனா? கொட்டகை போடுகிறேன் என்கிறாய். போட்டால் சந்தோஷம். ஆனால் இந்த வருஷம் வேண்டாம், ஊர் சரியில்லை.

முடி அம்மன் காலடியில்தான் இருக்கிறது. நாளையோடு ஒன்பது நாள். நான் கொண்டுபோய் விடுகிறேன், அந்தக் கவலை உனக்கு வேண்டாம்.

நீ சிலேட்டைக் கொண்டுவந்து மாட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தாய். அது இப்படிப்பட்ட கடிதம் எழுதத்தான் என்று யாருக்குத் தெரியும். உடனே பதில் போடு. நான் தினமும் தபால்காரர் வருகிற பாதையில் போய் நிற்கிறேன்.

சென்னம்மாள்


பெங்களூர்
16-5-1951

அக்கா,

தாளிக்க வேண்டாம் என்ற இடத்துக்கு வந்ததும் கடிதத்தை மடித்துவிட்டேன். அதற்குமேல் படிக்க வேண்டியிருக்கவில்லை. உன் கடிதம் வருவதற்கு ஐந்து நாள் முன்னாலேயே இங்கே எல்லாம் தெரிந்துவிட்டது.

புதன்கிழமை காலையில் பாப்பாவின் நெற்றியில் சிவப்பாக நாலைந்து கண்டது. டாக்டர் பார்த்தார். பார்த்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். மத்தியானம் ஒரு வண்டி வந்தது. ஊருக்கு வெளியே இருக்கிற தொற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஜோதியை மட்டும் உள்ளே விட்டார்கள். அவளுக்கும் எனக்கும் அம்மை குத்தினார்கள். நான் கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன். தினமும் காலையில் ஜோதி ஜன்னலில் வந்து கையை அசைப்பாள். கை அசைந்தால் பாப்பா இருக்கிறாள் என்று எங்களுக்குள் பேச்சு. இன்று காலையும் அசைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டிவந்த வழியை இப்போது வேலிக்கு வெளியே நின்றுகொண்டு தினமும் ஓட்டுகிறேன். அஞ்செட்டிப் பாறைமேல் உட்கார்ந்து கொட்டகை போட யோசித்தேன் பார், அப்போது அவளுக்கு உடம்பு சுட ஆரம்பித்திருக்கும். பக்கத்து வீட்டு அக்கா ஏன் எப்போதும் படுத்திருக்கிறாள் என்று கேட்டாள். ஒரு மூன்று வயதுப் பிள்ளை கண்டதை நேராகக் கேட்டது. நான் சிரித்தேன். சாவடிக்காரர் சீட்டைத் தூக்கிப் பார்த்தார், மூட்டையைப் பிடித்தார், பின் சீட்டில் நாங்கள் என்ன கொண்டுபோகிறோம் என்று அவருக்கும் தெரியவில்லை. எந்த இடத்தில் வண்டியைத் திருப்பியிருந்தால் இது நடந்திருக்காது என்று ஒவ்வொரு வளைவாகப் பார்க்கிறேன். டாக்டரிடமும் கேட்டேன். காய்ச்சல் வருவதற்குப் பன்னிரண்டு நாள் முன்னாலேயே ஒட்டியிருக்கும் என்றார். ஆகவே நான் வண்டி கிளப்பும்போதே எல்லாம் முடிந்திருக்கிறது. எங்கே திருப்பியிருந்தாலும் இதேதான்.

கங்கப்பன் வீட்டு வாசலில் வேப்பிலை கட்டியிருந்தது. ஏன் என்று உன்னைக் கேட்டேன். "திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருக்குதில்ல, ஊரெல்லாம் கட்டுவாங்க" என்றாய். ஊரெல்லாம் கட்டியும் இருந்தார்கள், அதனால் நம்பினேன். உங்கள் வீட்டுக்கும் அவன் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அந்தப் பெண்ணுக்கு அம்மை கண்டு, அந்த வீட்டில் அம்மா வந்திருந்தாளா? அம்மா இருக்கிற இடத்திலிருந்து போகிறவர்களிடம் போயிட்டு வா என்று சொல்லமாட்டார்கள். அது எனக்கு நேற்றுத்தான் ஞாபகம் வந்தது. பெங்களூருக்கு வந்து எல்லாவற்றையும் மறந்துவிட்டேன் என்று நீ சொல்வாய். சரி, மறந்துவிட்டேன்.

என்னையும் சும்மா விடமாட்டேன். அம்மை குத்துகிறவர் எங்கள் தெருவுக்கு இரண்டு தரம் வந்தார். இரண்டு தரமும் ஜோதி பாப்பாவைத் தூக்கிக்கொண்டு அரிசி டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். வீட்டில் குழந்தை இல்லை என்று நான்தான் வாசலில் நின்று சொன்னேன். ஒன்பது வருஷம் பிள்ளை இல்லாமல் இருந்து உன் வேண்டுதலில் பிறந்தவள் என்பதால் சொன்னேன். இன்ஜின் எதனால் ஓடுகிறது என்று தெரிந்த எனக்கு இது தெரியாமல் போயிற்று.

நீ தெரிந்து வைத்திருந்தாயா இல்லையா? ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒரு வார்த்தை எழுது. வேறொன்றும் எழுதாதே.

கிருஷ்ணப்பன்


நாட்றாம்பாளையம்
20-5-1951, ஞாயிறு

தம்பி,

ஆமாம்.

ஒரு வார்த்தையோடு நிறுத்தச் சொன்னாய். என்னால் முடியவில்லை. கோபமிருந்தால் இதோடு கிழித்துப் போட்டுவிடு.

நீ காரில் வந்து இறங்கிய அன்று கங்கப்பன் மகளுக்கு அம்மா வந்து நாலாம் நாள். கார் சத்தம் கேட்டதும் ஊரே ஓடிவந்தது. நீ முன்னால் இறங்கினாய், தலை நரைத்திருந்தது. ஜோதி பாப்பாவை என் கையில் கொடுத்தாள். அப்போதே சொல்லியிருக்கவேண்டும். சொன்னால் நீ வண்டியை அப்படியே திருப்பியிருப்பாய். முடி இறக்காமல் போய்விடுவாய். அம்மா வந்திருக்கிற இடத்துக்கு வந்துவிட்டு, அவளுக்கு நேர்ந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினால் அவள் விடுவாளா என்று பயந்தேன். அம்மா பேரைச் சொல்லி ஊரைக் கூட்டினாலும் அவளுக்குக் கோபம் வரும் என்றுதானே நம் வீட்டில் எல்லாரும் சொல்லுவார்கள். இது ஒரு பயம். இன்னொன்றும் உண்டு, அதையும் எழுதிவிடுகிறேன். நீ இருக்கவேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. அவ்வளவுதான்.

பாப்பாவை அந்தப் பக்கம் விடக்கூடாது என்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மூன்றாம் நாள் நான் களி கிண்டிக்கொண்டிருந்தேன். என் மகள் மாரம்மா அவளைக் கைபிடித்துப் புழக்கடை வழியாகக் கூட்டிப்போய்விட்டாள். அதுவும் நாலு வயசுப் பிள்ளை, அதற்கு என்ன தெரியும். திரும்பி வரும்போது பாப்பா கையில் அந்தப் பொம்மை இருந்தது. பொம்மையோடு ஒரு கொத்து வேப்பிலையும் இருந்தது. நான் மஞ்சள் தண்ணீரைத் தலையோடு ஊற்றினேன். ஜோதி வந்து, "என்ன அண்ணி, சாயங்காலத்துல குளிப்பாட்டுறீங்க" என்று கேட்டாள். மண்ணில் புரண்டுவிட்டாள் என்றேன். பொம்மையைப் பிடுங்கிப் போடலாம் என்று பார்த்தால் அழுதாள், விட்டுவிட்டேன். அதற்கப்புறம் பன்னிரண்டு நாள் நீங்கள் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். நான் தினமும் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆசையாகத் தடவுகிறேன் என்று நீ நினைத்திருப்பாய்.

கங்கப்பன் மகள் எழுந்துவிட்டாள். அம்மா இறங்கியதும் தலைக்கு ஊற்றுகிற மூன்று தண்ணீரும் ஊற்றி, தெருவில் விளையாடுகிறாள். அவளைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது, இதை எழுதக்கூடாது, எழுதிவிட்டேன். புதன்கிழமை முதல் என் மகன் முனிவேலுக்கும் அம்மா வந்திருக்கிறாள். அவனுக்கு அதிகமில்லை. உன் மாமா பக்கத்தில் இருக்கிறார். வீட்டில் தாளிதம் இல்லை, தலைக்கு எண்ணெய் இல்லை, கத்தரி எடுப்பதில்லை, நகம்கூட வெட்டுவதில்லை. எதிலும் குறை வைக்கவில்லை.

முனிவேல் படுத்துக்கொண்டதால் ஆற்றுக்குப் போகத் தள்ளிப்போயிற்று. நாளை மறுநாள் செவ்வாய். கோழி கூவும்போது புறப்பட்டு நடந்தே போகிறேன். பாப்பாவின் முடியை ஆற்றில் விட்டுவிட்டு, கழுத்தளவு தண்ணீரில் நின்று கேட்கிறேன். தப்பு செய்தவள் நான், என்னை எடுத்துக்கொள் என்று கேட்கிறேன். சொன்னபடி முடியைக் கொடுத்துவிட்டால் பிள்ளையைக் கொடுக்கமாட்டாளா?

ஜோதியிடம் நீ இதைச் சொல்லவேண்டாம். நானே ஒரு நாள் வந்து அவள் காலில் விழுந்து சொல்கிறேன்.

சென்னம்மாள்


பெங்களூர்
21-5-1951, திங்கள்

அக்கா,

உன்னிடமிருந்து பதில் வரவில்லை. இனி வந்தாலும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான்.

சனிக்கிழமை காலை ஜோதி ஜன்னலுக்கு வந்தாள். கையை அசைக்கவில்லை. நின்றுகொண்டே இருந்தாள். நான் என் கையை அசைத்தேன். எதற்கு அசைத்தேன் என்று தெரியவில்லை.

உடம்பைக் கொடுக்கவில்லை. கொடுக்கமாட்டார்களாம், சட்டம். அவர்களே சுண்ணாம்பு போட்டுப் புதைத்துவிட்டார்கள். இடத்தைத் தூரத்திலிருந்து காட்டினார்கள். அங்கே அதுபோல நிறைய இருந்தன. பாப்பாவின் பாவாடை, சட்டை, பாய், போர்த்தின துணி, அந்தப் பொம்மை எல்லாவற்றையும் கொளுத்திவிட்டார்கள். வீட்டுக்கும் வந்து அவளுடைய தொட்டில் துணி முதல் எடுத்துப்போய்விட்டார்கள். ஜோதியை நேற்று வெளியே விட்டார்கள். வந்து வீடு முழுவதும் தேடினாள். ஒன்றுமே இல்லை அக்கா. ஒரு படம்கூட இல்லை.

அவள் அழவில்லை, சாப்பிடவில்லை. இன்று காலையில் ஒரே ஒரு வார்த்தை பேசினாள். "அண்ணிகிட்ட பாப்பா முடி இருக்குதில்ல?" என்றாள். அதையே நாலு தரம் கேட்டாள்.

முடியை ஆற்றில் விடாதே. விடச் சொல்லி நான்தான் எழுதினேன், இப்போது நான்தான் வேண்டாம் என்கிறேன். உனக்கு எப்போதும் காட்டு வேலை, வீட்டு வேலை என்று எதுவும் தள்ளிப்போகும். இதுவும் தள்ளிப்போயிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். உடனே தபாலில் அனுப்பு. உன்னிடம் நான் வேறு எதுவும் இனிக் கேட்கப்போவதில்லை.

கிருஷ்ணப்பன்


நாட்றாம்பாளையம்
26-5-1951

தம்பிக்கு,

முடி இதில் வைத்திருக்கிறேன். மஞ்சள் துணியில் கட்டியிருக்கிறது. ஜோதி கையில் கொடு.

நான் ஆற்றுக்குப் போகவில்லை. செவ்வாய்க்கிழமை விடியற்காலையிலிருந்து மழை. ஓடையில் தண்ணீர் வந்துவிட்டது, கடக்க முடியவில்லை. பாதி வழி போய்த் திரும்பிவிட்டேன். திரும்பி வந்து முடிச்சை மறுபடியும் அம்மன் காலடியிலேயே வைத்தேன். அங்கேயேதான் இருந்தது. யாரும் தொடவில்லை. துணி புதுசு மாதிரி இருக்கும், பழைய துணி நனைந்துவிட்டதால் மாற்றிக் கட்டினேன். முடியில் கொஞ்சம் மண் ஒட்டியிருக்கும். கோயில் மண்தான்.

ஜோதியைச் சாப்பிடச் சொல். முனிவேலுக்கு ஒரு தண்ணீர் ஊற்றியாயிற்று, இன்னும் இரண்டு பாக்கி. மாரம்மா சௌக்கியம். தினமும், கார் எப்போது வரும், காவேரி எப்போது வருவாள் என்று கேட்கிறாள்.

எழுத வேறொன்றும் வரவில்லை.

சென்னம்மாள்


பெங்களூர்
1-6-1951, வெள்ளி

அக்காவுக்கு,

பொட்டலம் நேற்று வந்தது. நான் ஒர்க்ஷாப்பிலிருந்து வருவதற்குள் ஜோதியே வாங்கிப் பிரித்துவிட்டாள். முடிச்சை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுதிருந்தாள். அவள் அழுதது அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு நேற்றுத்தான். என்னைப் பார்த்ததும் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். கையெல்லாம் சிவப்பு. "பாருங்க, ஊரு மண்ணுகூட அப்புடியே ஒட்டிக்கினு இருக்குது" என்றாள்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பாப்பாவின் முடி பிறந்ததிலிருந்தே செம்பட்டை. நுனியில் சுருண்டிருக்கும், எண்ணெய் வைத்து இழுத்தாலும் நிமிராது. இது நேராக இருக்கிறது. ஜோதியின் கண்ணீர் பட்ட இடத்தில் சிவப்பு கரைந்து கறுப்பு தெரிந்தது. மூன்று தரம் தண்ணீர் அடித்தாலும் போகாத மண் என்று உனக்கு எழுதினேன். அது இரும்பில்தான், முடியில் நிற்கவில்லை. பதினைந்து நாள் என் தோளில் ஏறி, என் காதைப் பிடித்து இழுத்து விளையாடிய மாரம்மாவின் தலையை எனக்குத் தெரியாதா?

செவ்வாய்க்கிழமை நீ ஆற்றுக்குப் போயிருக்கிறாய். மழையும் வந்திருக்காது, ஓடையும் வந்திருக்காது. என் கடிதம் வியாழனோ வெள்ளியோதான் உனக்கு வந்திருக்கும். படித்துவிட்டு என்ன செய்வது என்று தெரியாமல் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு உட்காரவைத்திருப்பாய். முனிவேலுக்கு இன்னும் இரண்டு தண்ணீர் பாக்கி என்று நீயே எழுதியிருக்கிறாய். அம்மா இருக்கிற வீட்டில் கத்தரியை எடுத்திருக்கிறாய். நகம்கூட வெட்டாதவள் நீ. அந்தப் பயத்தில்தான் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் என் பிள்ளையைப் பதினைந்து நாள் அங்கே வைத்திருந்தாய். அந்தப் பயத்தையும் மீறி இதைச் செய்திருக்கிறாய். அது உனக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரிகிறது. தெரிந்து என்ன, ஒன்றும் ஆறவில்லை.

ஜோதி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நம்ம பாப்பா முடிதானே?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றேன்.

அம்மை குத்துகிறவரிடம் வாசலில் நின்று சொன்னேனே, அதே குரலில் சொன்னேன். நான் வேப்பிலைக்குக் காரணம் கேட்டபோது நீயும் அதே குரலில்தான் சொல்லியிருப்பாய். அதற்குப் பிறகு ஜோதி எழுந்து கை கழுவினாள். ஒரு கவளம் சோறு சாப்பிட்டாள். எனக்கும் போட்டாள்.

அதனால் இதுதான் கடைசிக் கடிதம். கோபத்தில் எழுதவில்லை. ஜோதிக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். ஆற்றுக்குப் போகிறேன் என்று நீ எழுதியதை அன்றே அடுப்பில் போட்டுவிட்டேன். இனி நீ எழுதினால் என்றைக்காவது ஒரு வரியில் ஏதாவது வந்துவிடும். நீ நேரில் வந்தாலும் அவள் காலில் விழுந்து சொல்லிவிடுவாய், உன்னால் சொல்லாமல் இருக்க முடியாது. வராதே. நாங்களும் அந்த வழியில் வரமாட்டோம். முதலாளி சாவி கொடுத்தாலும் வாங்கமாட்டேன்.

மாரம்மாவை வெயிலில் விடாதே, தலையில் ஒரு துணி போட்டு அனுப்பு. அம்மை குத்துகிறவர் உங்கள் பக்கம் வந்தால் ஒளித்து வைக்காதே. காவேரி எங்கே என்று கேட்டால் உனக்குத் தோன்றியதைச் சொல்.

ஜோதி தூங்குகிறாள். முடிச்சை விரலில் சுற்றிக்கொண்டு தூங்குகிறாள். எழுந்ததும் மறுபடியும் என்னைக் கேட்பாள். நான் மறுபடியும் ஆமாம் என்பேன்.

கிருஷ்ணப்பன்